பூ உதிர்ந்த பிறகு வாருங்கள்: மலையில் போன்சாய்க்கு அசேலியா வாங்குவது எப்படி

மே மாதச் சீசனில் குன்னூர்ப் பக்கம் சாலையோர நர்சரிகளைப் பார்த்திருப்பீர்கள். கார் நிற்கும், கதவு திறக்கும், இலையே தெரியாமல் பூத்துக் கிடக்கிற அசேலியாத் தொட்டி ஒன்று பின் சீட்டில் ஏறும். ஐந்து நிமிட வியாபாரம். என் முதல் செடியையும் நான் அப்படித்தான் வாங்கினேன். இரண்டு கட்டைவிரல் சேர்ந்த தடிமனில் அடிமரம், ரத்தச் சிவப்பில் பூ. சின்னத் தொட்டியில் குட்டி மரமாக வளர்க்கிற போன்சாய்க்கு இதைவிட என்ன வேண்டும் என்று பேரம்கூடப் பேசவில்லை. பூ முடிந்து ஜூன் கடைசியில் தொட்டியைக் கவிழ்த்தபோது அந்தத் தடித்த அடிமரம் மூன்றாகப் பிரிந்து கையோடு வந்தது. மூன்று குச்சிகளை நெருக்கி நட்டு, மேலே இரண்டு அங்குலம் மண்ணை ஏற்றிவிட்டிருந்தார்கள். நர்சரிக்காரர் மேல் தப்புச் சொல்ல முடியாது. அவர் தொட்டி நிறையப் பூ விற்றார். நான்தான் அதில் மரத்தைப் பார்த்துவிட்டேன்.

அதிலிருந்து ஒரு செடிக்கு இரண்டு நடை போகிறேன். பூவிருக்கும்போது ஒன்று, பூ உதிர்ந்த பிறகு ஒன்று. முதல் நடையில் பணத்தை வெளியே எடுப்பதில்லை.

எது சாட்சுகி?

போன்சாய்ப் படங்களில் ஒரே மரத்தில் வெள்ளையும் ரோஜா நிறமும் கோடு போட்ட பூவுமாகப் பார்த்து மயங்குகிறோமே, அது பெரும்பாலும் சாட்சுகி அசேலியா. ஜப்பானியரின் பழைய சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதத்துக்கு சாட்சுகி என்று பெயர். மற்ற அசேலியாக்கள் பூத்து ஓய்ந்த பிறகு, அங்கே மே கடைசியிலும் ஜூனிலும் பூப்பதால் இந்தக் கூட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தது. அசேலியாக்களின் தாவரவியல் பேரினம் ரோடோடென்ட்ரான். அதில் ரோடோடென்ட்ரான் இண்டிகம், ரோடோடென்ட்ரான் டமுரே என்ற இரண்டு இனங்களும் அவற்றின் கலப்புகளும்தான் இதற்கு மூலம். இண்டிகம் என்று பெயர் இருந்தாலும் இந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஜப்பான் செடிதான். ஒசாகாசுகி, கோசான், நிக்கோ, இதழ்கள் நாடா நாடாகப் பிரிந்து நிற்கிற கின்சாய் என்று ரகங்கள் ஆயிரத்துக்கும் மேல். டோச்சிகி மாகாணத்தின் கனுமா நகரம் இந்தச் செடிக்குத் தாய்வீடு மாதிரி. சாட்சுகி வளர்க்கிற மஞ்சள் நிற எரிமலைப் பொடிக்கல்லுக்கும் அந்த ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் மலையில் நிலைமை வேறு. தொட்டியில் செருகிய அட்டையில் 'அசேலியா' என்பதோடு கதை முடிந்துவிடும். மிஞ்சினால் நிறத்தைச் சொல்வார்கள். கையில் கிடைப்பவற்றில் பாதிக்கு மேல் இரண்டு கூட்டத்தைச் சேர்ந்தவை. சின்ன இலை, சின்னப் பூ, தளிர் வருவதற்கு முன்பே செடியை மூடிப் பூக்கும் குருமே வகை ஒன்று. இலையும் பூவும் பெரிதாக, பெரும்பாலும் அடுக்குப் பூவாக இருக்கும் பெல்ஜியம் கலப்பு இன்னொன்று. பின்னதன் மூதாதை ரோடோடென்ட்ரான் சிம்சி.

யாராவது 'இது சாட்சுகிங்க' என்று கூடுதல் விலை சொன்னால், ஒரு பூவை எடுத்து மகரந்தக் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். இண்டிகத்துக்கு ஐந்து. சிம்சிக்கு எட்டு முதல் பத்து. டமுரேக்கும் ஐந்துக்கு மேல் இருக்கும் என்பதால் எண்ணிக்கை மட்டும் தீர்ப்பு ஆகாது. ஆனால் பெரிய அடுக்குப் பூ, அகன்ற இலை, பத்துக் கம்பி எல்லாம் சேர்ந்து வந்தால் சாட்சுகி விலை கொடுக்காதீர்கள். குறுகலான சின்ன இலை, தளிர் விட்ட பிறகு பூ, ஒரே செடியில் இரண்டு மூன்று விதக் கோடு என்றால் மேலே பேசலாம்.

என்னைக் கேட்டால், புதிதாக வருகிறவருக்கு சாட்சுகி என்ற பெயரே அவசியம் இல்லை. அடிமரம் நல்லதாக அமைந்த குருமேச் செடி, பெயர்ப் பலகையோடு வருகிற ஒல்லிக் குச்சியைவிடப் பத்து மடங்கு மேல். வெட்டுவது, கம்பி கட்டுவது, மண் மாற்றுவது எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஜப்பானிலிருந்து நேராக வரவழைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், மண் ஒட்டாமல் வர வேண்டும். சான்றிதழ் இல்லாமல் பார்சலில் வருகிற செடியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொட்டபெட்டாச் சரிவில் குளிர்காலத்தில் சிவப்பாகப் பூக்குமே காட்டுப்பூவரசு, அதுவும் ரோடோடென்ட்ரான்தான், அசேலியாவுக்கு அண்ணன். அதைத் தோண்டுவது வனக் குற்றம். உள்ளங்கை நீள இலையை வைத்துக்கொண்டு போன்சாயும் சரியாக வராது. நின்று பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

முதல் நடை: பூவைப் பார்க்க

மலையில் அசேலியா ஒரே வாரத்தில் பூப்பதில்லை. உயரம், வெயில் படும் பக்கம், ரகம் எல்லாம் பொறுத்து முன்னே பின்னே ஆகும். மார்ச்சிலிருந்து மே வரை ஒரு சுற்று வந்தால் போதும். உதகை தாவரவியல் பூங்காவில் செடி விற்கும் இடம் உண்டு, தோட்டக்கலைத் துறைப் பண்ணைகளிலும் விற்பார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தனியார் நர்சரிகள் நிறைய. கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் இதற்காக நீலகிரி வர வேண்டியதில்லை, அங்கேயும் வீட்டுத் தோட்டமெல்லாம் அசேலியாதான். ஏப்ரல், மே மாதங்களில் வெளியூர் வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

இந்த நடையில் கவனிக்க வேண்டியது நிறமும் அளவும்தான். போன்சாய் சிறுக்கும், இலை ஓரளவு சிறுக்கும், பூ சிறுக்காது. ஒரு சாண் மரத்தில் உள்ளங்கை அகலப் பூ வந்தால் பந்தல் சரிந்து விழுந்தது போலத்தான் இருக்கும். ஆகவே சின்னப் பூ, சின்ன இலை. செடியில் கோடு போட்ட பூ இருந்தால் எந்தக் கிளையில் எந்தப் பூ என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தமான ஒரே நிறத்துக்குப் போய்விட்ட கிளை திரும்பக் கோட்டுக்கு வருவது அரிது, அதன் குச்சியை நட்டால் வருவதும் அதே நிறம்தான். பல நிறச் செடி என்று வாங்கிவிட்டு, ஒற்றை நிறக் கிளையை மட்டும் மிச்சம் வைத்து மற்றதை வெட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பிடித்த செடியில் ஒரு கம்பளி நூலைக் கட்டிவிடுங்கள். இதற்கு நர்சரிக்காரரின் தயவு வேண்டும். நான் வழக்கமாகப் போகும் இடத்தில் முதல் தடவை நடந்த பேச்சு இது.

"அண்ணா, இந்த ரெண்டு தொட்டில நூல் கட்டிட்டுப் போறேனுங்க. பூ முடிஞ்சதும் வந்து எடுத்துக்கறேன்."

"பூ முடிஞ்சு வந்து என்னத்த பாப்பீங்க தம்பி?"

"அடியப் பாக்கணுங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அடியப் பாக்கறதுன்னா அந்தா பின்னால கெடக்குது பாருங்க, ரெண்டு வருஷமா யாரும் கேக்காதது" என்று கை காட்டினார். பூக்காத, கோணலான, சாக்குப் பையில் வேர் கிழித்துத் தரையில் இறங்கியிருந்த ஏழெட்டுச் செடிகள். இன்றைக்கு என்னிடம் இருப்பதில் நல்ல மரம் அந்தக் குவியலிலிருந்து வந்ததுதான். எந்த நர்சரிக்குப் போனாலும் பின்பக்கம் என்ன கிடக்கிறது என்று கேளுங்கள். முன்வரிசை பூ வாங்க வருபவர்களுக்கு.

இரண்டாம் நடை: அடியைப் பார்க்க

ஜூனில் சீசன் கூட்டம் இறங்கிவிடும். விலையும் இறங்கும். நர்சரிக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். செடிக்கும் இதுதான் நல்ல வேளை. அசேலியாவை வெட்டவும் மண் மாற்றவும் பூ முடிந்த கையோடு செய்வது வழக்கம். அடுத்த வருடப் பூமொட்டு அதன் பிறகு வருகிற தளிரின் நுனியில்தான் உருவாகும். தாமதமாக வெட்டினால் அடுத்த மேயில் பூவுக்குப் பதில் வெறும் பச்சையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கையில் ஒரு ஐஸ் குச்சி எடுத்துக்கொண்டு போங்கள். கேட்டுக்கொண்டு, அடிமரத்தை ஒட்டி மேல்மண்ணை மெதுவாகச் சுரண்டுங்கள். முதலில் பாசி வரும், அப்புறம் முடி மாதிரி மெல்லிய பழுப்பு வேர்ப்பின்னல். அசேலியாவின் வேர் எல்லாமே அப்படித்தான், அதைக் கொஞ்சம் விலக்கினாலும் செடி கோபித்துக்கொள்ளாது. ஓர் அங்குலம், சில சமயம் இரண்டு அங்குலம் கீழே போனால் தண்டு அகலமாகி நாலு பக்கமும் வேராகப் பிரியும் இடம் வரும். போன்சாய்க்காரர்கள் நெபாரி என்பது இதைத்தான். யானைக்கால் மாதிரி மண்ணைக் கவ்வி விரிந்திருந்தால் அந்தச் செடியைப் பக்கத்தில் தள்ளி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேர், மறுபக்கம் வழவழவென்று இருந்தால் யோசியுங்கள். இரண்டு தண்டுக்கு நடுவே ஐஸ் குச்சி சுலபமாக இறங்கினால் என் மூன்று குச்சிக் கதைதான், வைத்துவிடுங்கள்.

அடி தேறினால் கண்ணை மேலே கொண்டுபோங்கள். ஒரே இடத்திலிருந்து நாலைந்து கிளை கிளம்பியிருந்தால் அந்த இடம் வருடா வருடம் வீங்கி, மரம் அடியில் ஒல்லியாகவும் நடுவில் குண்டாகவும் ஆகும். அந்த முடிச்சு ஏற்கனவே விழுந்துவிட்ட செடியைத் திருத்துவது பெரிய வேலை. பழைய வெட்டுக்காயங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அசேலியாவில் பெரிய காயம் சீக்கிரம் மூடாது, தண்ணீர் இறங்கி உள்ளே உளுத்துவிடும். விரல் அமுங்கினால் வேண்டாம்.

கிளை விஷயத்தில் அசேலியா மற்ற மரங்களுக்கு நேர் எதிர். ஆல், அரசு எல்லாம் உச்சியை நோக்கி ஓடும். இது அடியில் கொழுக்கும், உச்சியில் சோரும். புதர்ச் செடியின் புத்தி. அதனால் வாங்கும்போதே உச்சிப் பக்கம் உயிரோட்டமான கிளை இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்க்கிளை குறைவாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், ஆரோக்கியமான செடி மொட்டை மரத்திலிருந்தும் துளிர்க்கும். பிறகு வெட்டும்போதும் இதே கணக்குதான்: கீழே தாராளமாக, மேலே கஞ்சத்தனமாக.

இலையின் மேல்புறம் வெளிறிப் புள்ளி புள்ளியாக இருந்து, திருப்பினால் அடியில் வார்னிஷ் தெறித்தது போலப் பழுப்புக் கறை இருந்தால் வலைச்சிறகுப் பூச்சி. மருந்துக்குக் கேட்கும், ஆனால் பேரம் பேச உதவும். மழைக்காலத்தில் சில இலை வெளிறிய மெழுகுப் பணியாரம் மாதிரி உப்பியிருக்கும். பூஞ்சணம், கிள்ளி எறிந்தால் போதும். நரம்பு பச்சையாகவும் மீதி மஞ்சளாகவும் இருந்தால் மண்ணிலோ தண்ணீரிலோ சுண்ணாம்பு. கடைசியாகத் தொட்டியைச் சாய்த்து வேர்க்கட்டியை ஓர் அங்குலம் வெளியே இழுங்கள். மண்வாசனை வந்தால் நல்லது. புளித்த வாடை, கறுத்து வழவழக்கும் வேர், பஞ்சு ஒட்டியது போன்ற வெள்ளை மாவுப்பூச்சி, இந்த மூன்றில் எது இருந்தாலும் இனாமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். மற்ற தொட்டிகளுக்கும் பரவும்.

குச்சியா, கிழமா?

வளைந்து நெளிந்த அடிமரம் ஆசையா, தடித்த அடிமரம் ஆசையா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே கடையில் கிடைக்காது. அசேலியா மரம் முற்றினால் முறுக்கு மாதிரி, வளைத்தால் டப்பென்று போய்விடும். ஜப்பானில் நெளிந்த சாட்சுகியெல்லாம் பென்சிலைவிட மெல்லிசாக இருக்கும்போதே கம்பி சுற்றி வளைத்துத் தரையில் நட்டுத் தடிக்க விட்டவை. நெளிவு வேண்டும் என்றால் ஒன்றிரண்டு வயது ஒற்றைக்குச்சி நாற்றாக ஐந்தாறு வாங்குங்கள். விலை குறைவு, பொறுமைதான் செலவு.

தடிமன் வேண்டுமென்றால் நர்சரியை மறந்துவிட்டுப் பழைய பங்களாக்களைப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்து பங்களா, காலனி வீடு, லாட்ஜ் ஆகிவிட்ட பழைய வீடு என்று மலை முழுக்க அசேலியா வேலி உண்டு. கார் நிறுத்த இடம் வேண்டும், சுவர் கட்ட வேண்டும் என்று வருடா வருடம் அவற்றில் சிலவற்றைப் பிடுங்கி எறிகிறார்கள். கைமணிக்கட்டுத் தடிமனுக்கு அடிமரம் குப்பையோடு போகும். கட்டட மேஸ்திரிகளிடமும் தோட்ட வேலை செய்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். உரிமையாளரிடம் நேரில் கேட்டு வாங்குங்கள். மேஸ்திரி 'எடுத்துக்கோங்க' என்றதை நம்பி எடுத்து, பிறகு வீட்டம்மாவிடம் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

தோண்டுவது நினைப்பதைவிடச் சுலபம். வேர் ஆழம் போகாது, தோசைக்கல் போலத் தட்டையாகப் பரவியிருக்கும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மண்வெட்டியால் வட்டம் போட்டு, கீழே கடப்பாரையால் நெம்பினால் அப்பளமாகக் கிளம்பி வரும். மேலே உள்ளதில் பாதிக்கு மேல் கழித்துவிட்டு, மண்ணோடு ஈரச்சாக்கில் கட்டிக் கொண்டுவாருங்கள். தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் உதகைப் பக்கம் ஜூன் தொடக்கம் தோது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் வடகிழக்குப் பருவத்தில்தான் மழை கூடுதல், அங்கே ஜூனில் எடுத்தால் தண்ணீர் ஊற்ற நீங்கள் இருக்க வேண்டும்.

கீழே கொண்டுபோகிறவர்களுக்கு

சென்னை, மதுரை நண்பர்கள் மன்னிக்கவும், வாங்காதீர்கள். வெயிலை நிழல்வலை போட்டுச் சமாளித்தாலும் போர்வெல் தண்ணீர் கொன்றுவிடும். அசேலியாவுக்குப் புளிப்பு மண் வேண்டும், அமில-கார அளவில் (pH) ஐந்து ஐந்தரை இருந்தால் சந்தோஷமாக இருக்கும். தேயிலை விளைகிற மண்ணில் இது ஏன் இப்படிப் பூக்கிறது என்பதற்கும் அதுதான் காரணம். உங்கள் வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் மழைநீர் பிடித்து ஊற்ற வேண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு, காலை வெயில் மட்டும் படும் பால்கனி என்றால் முயன்று பார்க்கலாம். பெங்களூரில் வளர்ப்பவர்கள் உண்டு.

மேட்டுப்பாளையம் இறங்கும்போதுதான் சூடு அடிக்கும். அதிகாலையில் கிளம்புங்கள். தொட்டியை டிக்கியில் போடாமல் காலடியில் வைத்து, வேரை ஈரத்துணியால் சுற்றுங்கள். துணிப்பையோ சாக்கோ கொண்டுபோவது நல்லது. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வருடம் ஒரு வேலைதான். மண் மாற்றினால் கிளையை விட்டுவிடுங்கள், கிளையைக் கழித்தால் மண்ணைத் தொடாதீர்கள். காய்ந்த பூவோடு அடியில் உள்ள குட்டிக் காயையும் சேர்த்துக் கிள்ளுங்கள், இல்லாவிட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போகும். கனுமாக் கல் கிடைத்தால் நல்லது, விலை கையைக் கடிக்கும். நான் நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவு, பைன் பட்டைத் துண்டு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணை மூன்றையும் சம அளவில் கலக்கிறேன். செங்கல் ஜல்லி போடுவதென்றால் சுண்ணாம்புக் காரை ஒட்டிய பழைய செங்கல் கூடாது. டீ குடித்த சக்கையைப் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாலும் சர்க்கரையும் சேராத சக்கை என்றால் கொஞ்சமாகப் போடலாம், பெரிய பலன் இல்லை.

மேலே மண் காய்ந்தாற்போல் தெரிந்தாலும் நடுவே ஈரம் இருக்கலாம், உள்ளே காய்ந்து மேலே ஈரமாகவும் இருக்கலாம். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையால் பழகிக்கொள்ளுங்கள். ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அந்த மெல்லிய வேர்ப்பின்னல் தண்ணீரை உள்ளே விடாது. அப்போது தொட்டியோடு வாளியில் முக்கி, குமிழி நிற்கும் வரை வைக்க வேண்டும்.

ஆடு வளர்க்கும் வீடு என்றால் எட்டாத உயரத்தில் வையுங்கள், இலை ஆட்டுக்கு விஷம். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குக் காட்டெருமைக் கவலை வேறு. அது தின்னாது, ஆனால் ராத்திரியில் பெஞ்சோடு சாய்த்துவிட்டுப் போகும். என் தொட்டிகள் இப்போது மாடிப்படியில் இருக்கின்றன. உதகைப் பள்ளங்களில் டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு, சாயங்காலம் ஐந்து மணிக்கே பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திவிட்டு, வெயில் ஏறிய பிறகு எடுங்கள்.